வலது பக்கத்து எழுத்துகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். எந்த இடத்தில் எந்த ‘ல’ என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் துணியின் மேல் சாக்பீஸ் கோடும், தோள், மார்பு, உயரம் என்று அளவு எண்களும்தான். அச்சில் போடுகிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

நான் திண்டுக்கல்லில் டைலர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. வீடு நாகல் நகர்ப் பக்கம், மாடியில் வாடகைக்கு. நான் தைத்துக் கொண்டுவரும் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் என் மனைவி வீட்டிலிருந்தே செய்வாள். ஒரே மகள். இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்தே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள்.

தை மாதத்தில் என் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூ சொல்லிவைக்க மனைவியும் மகளும் ஸ்கூட்டரில் நிலக்கோட்டைக்குப் போனார்கள். ஓட்டியது மகள். வழியில் ஒரு மினி வேன் குறுக்கே வந்து இடித்தது. மனைவி அந்த இடத்திலேயே போய்விட்டாள். மகள் பிழைத்தாள். வலது தோளில் நரம்பு அறுந்து, கை தொங்கிவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். உணர்ச்சி திரும்ப ஒரு வருடம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சரிங்க சார் என்றேன். அவர் இன்னும் ஏதாவது நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தது போலக் கொஞ்சம் நின்றார். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் அழவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் இதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். “என்னடா இவன் உப்புக்கல்லு மாதிரி உக்காந்திருக்கான்” என்று என் அத்தை மகன் சொன்னது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டேன், காபி கொடுத்தால் குடித்தேன். காபியில் சர்க்கரை இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் கத்தினார். எனக்கு அது தெரியவில்லை. மகளும் இப்படித்தான் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். விபத்தைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பங்குனி கடைசியில் ஒருநாள் காலை, கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா, லீவு முடியப்போகுது. திரும்ப வேலைக்கு வரமுடியுமான்னு கேக்குறாங்க.”

“என்ன சொன்ன?”

“வாரேன்னு சொல்லியிருக்கேன். ஆனா சும்மா சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டு மூணு மாசம் டைம் தாராங்க. அதுக்கப்புறம் ஒருநாள் வீடியோ கால்ல அவங்க பாக்கப் பாக்க நான் புரோகிராம் எழுதணும். கை ஓடலேன்னா விட்ருவாங்க.”

“விட்ருவாங்கன்னா?”

“வேலைய விட்டு அனுப்பிருவாங்கப்பா.”

சரிம்மா என்றேன். அவள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். அன்றைக்கு முழுக்க நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை பாதி கீபோர்டில் சரளமாக ஓடும். பிறகு தூக்கி வலது பக்கம் வைப்பாள். அங்கே ஒரு எழுத்து. மறுபடி இடது பக்கம். எழுத்துகளைத் தேடித் தேடி விரல் தடுமாறியது. ஒரு பக்கம் எழுதுவதற்குள் வியர்த்துப் போனாள். மத்தியானத்துக்கு மேல் எழுதுவதையும் நிறுத்திவிட்டு, தொங்குகிற வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

அவள் புரோகிராம் எழுதுகிற சாஃப்ட்வேர், எடிட்டர் என்பார்கள், மற்றவர்கள் பயன்படுத்துவது போல் இல்லை. அதற்கு மவுஸே வேண்டாம். மேலே போவது, கீழே போவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாமே எழுத்துகளை அழுத்தித்தான். ஒரே எழுத்து ஒரு நிலையில் எழுத்தாக விழும், இன்னொரு நிலையில் கட்டளையாகிவிடும். இதை அவள் எனக்கு விளக்கியபோது புரிந்துவிட்டது. தையல் மெஷினில் சக்கரத்தின் நடுவில் இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டால் ஊசி நின்றுவிடும், அதே மிதி பாபினில் நூல் சுற்றும். திருகை இறுக்கினால் மறுபடி தைக்கும். அவளுடைய எடிட்டரில் அந்தத் திருகு எஸ்கேப் என்கிற கீ.

கம்பெனியில் வேறு எடிட்டருக்கு மாறிக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார்களாம். “காலேஜ்லேர்ந்து கை இதுலதான் பழகியிருக்குப்பா. கையில பாதி போச்சு. மிச்சப் பாதிக்குப் புதுசா ஒண்ணைக் கத்துக்குடுக்க எனக்குத் தெம்பில்ல” என்றாள்.

அதில் ஒரு கஷ்டம். மேலும் கீழும் நகர்த்துகிற எழுத்துகள் எல்லாம் வலது பக்கம் இருந்தன. ஜே என்றால் கீழே. கே என்றால் மேலே. தவறாகச் செய்ததை ரத்து செய்கிற யூ வலது பக்கம். எழுத ஆரம்பிக்கிற ஐ வலது பக்கம்.

மறுநாள் நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். “அப்பா, செத்த நேரம் இங்க வந்து உக்காருங்க. நான் கீழன்னு சொன்னா இத அழுத்துங்க. மேலன்னா இத. போதும்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கீழ. கீழ. கீழ. போதும். மேல ஒண்ணு. அப்பா, ஒண்ணுன்னேன்.”

“அதுவே ஓடுதும்மா.”

“அழுத்திப் பிடிக்காதீங்க. தட்டுங்க. துணியில பின்னு குத்துற மாதிரி இல்ல, தட்டி எடுக்கணும்.”

செத்த நேரம் என்று உட்கார்ந்தவன் சித்திரை முழுக்க உட்கார்ந்தேன். கடையைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால் யூனிஃபார்ம் தைக்கிற சீசன் அது. வருடத்தில் தீபாவளி நேரம் தவிர மற்ற எந்த மாதத்தில் டைலர் கடை மூடினாலும் யாருக்கும் தெரியாது, அப்போது மூடினால் ஊருக்கே தெரிந்துவிடும். பக்கத்துக் கடை பாய், லெதர் பை தைக்கிறவர், வீடு தேடி வந்துவிட்டார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே பார்த்தார். நானும் மகளும் ஒரே கீபோர்டுக்கு முன்னால் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

“என்னப்பு இது, அப்பனும் மகளும் ஆர்மோனியம் கத்துக்குறீங்களா?”

“இல்ல பாய். பாப்பாவுக்கு வலது பக்கம் அழுத்திக் குடுக்கிறேன்.”

“இம்புட்டு நாளா ஊசிக்கு நூல் கோக்கக் கண்ணாடிய தேடுன ஆளு, இப்ப கம்ப்யூட்டராக்கும். அங்க எவனெவனோ துணிய தூக்கிட்டு வந்து என்கிட்ட சண்டைக்கு நிக்கிறான். நான் செருப்பு பையி தைக்கிறவன், யூனிஃபார்முக்கு என்னய எங்கடா வெட்டச் சொல்றீங்கன்னு விரட்டிட்டு வந்தேன்.”

மகள் லேசாகச் சிரித்தாள். பாய் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, கொண்டுவந்த பிரியாணிப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கம்பெனி லேப்டாப்பில் வேறு ஆள் கை வைக்கக் கூடாது என்று விதி இருப்பதை மகள் எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அதனால் முதலில் அவளுடைய காலேஜ் லேப்டாப்பில், பழைய புரோகிராம்களை வைத்துத்தான் பழகினோம். எனக்கு அதில் எழுதியிருந்தது எதுவும் விளங்கவில்லை. விளங்க வேண்டியதும் இல்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போதுமாக இருந்தது. அவள் ஒரு எழுத்தைச் சொல்வாள், நான் தட்டுவேன். அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை, என் முகத்தை அவளும் பார்க்க வேண்டியதில்லை. மனைவியின் போட்டோ எங்களுக்குப் பின்னால் இருந்தது.

இடையில் நான் ஒரு வேலை செய்தேன். எஸ்கேப் கீயை அவள் நிமிடத்துக்குப் பல தடவை அழுத்துவதைப் பார்த்துவிட்டு, அதைக் காலுக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றியது. ஒரு பழைய மெஷினின் மோட்டார் மிதியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், கீபோர்டு ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கொடுத்தேன். அவர் உடைந்த கீபோர்டு ஒன்றின் உள்பலகையை எடுத்து, எஸ்கேப் இருக்கிற இடத்திலிருந்து மிதிக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். மிதித்தால் எஸ்கேப். வேலை செய்தது. மகளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவளுடைய காலுக்கு மிதி எட்டாமல் வழுக்கியதால், “நீங்களே மிதிங்கப்பா, நான் சொல்றேன்” என்றாள்.

அங்கேதான் கெட்டது. டைலருடைய கால் வேறு மாதிரிப் பழகியது. கை ஓடினால் கால் மிதிக்கும், கை நின்றால் கால் எடுக்கும். இத்தனை வருடமாக அது என்னைக் கேட்டுக்கொண்டு செய்ததில்லை. வலது பக்கத்தில் நான் ஒரு எழுத்தைத் தட்டினதும் என் கால் தானாக மிதித்துவிடும். எழுதுகிற நிலை போய்க் கட்டளை நிலை வந்துவிடும். அது தெரியாமல் அவள் எழுதிக்கொண்டே போவாள். அவள் எழுதுகிற டீ எழுத்துகள் எல்லாம் வெட்டு என்று ஆகி, வரிகள் பொசுக்குப் பொசுக்கென்று காணாமல் போகும்.

“அப்பா! கால எடுங்க!”

“எடுத்துட்டேன்மா.”

“எடுக்கல. மிதிச்சுக்கிட்டே சொல்றீங்க. பாருங்க, எழுதுன ஃபங்ஷன் முழுக்க, அத்தன வரியையும் தூக்கிட்டோம். யூ தட்டுங்க. யூ. யூ. யூ. அய்யோ, தட்டும்போதே மறுபடி மிதிக்கிறீங்களே!”

செருப்பைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். காலை ஸ்டூலின் குறுக்குச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு பார்த்தேன். எதுவும் சரிப்படாமல் அந்த மிதி அவளுடைய கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அன்றைக்கே அவள், கேப்ஸ் லாக் என்று இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிற கீயை எஸ்கேப்பாக மாற்றிவிட்டாள். ஒரே வரிதான் எழுதினாள். நான் டவுனுக்குள் அலைந்து செய்துகொண்டு வந்ததை அவள் ஒரு வரியில் செய்துவிட்டாள். எனக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. சரி, இப்படியும் செய்யலாம்போல என்று பார்த்தேன்.

அந்த ஒரு வரிதான் அவளுக்கு வழி காட்டியது என்று நினைக்கிறேன். அந்த எடிட்டருக்கு என்று ஒரு செட்டிங்ஸ் ஃபைல் உண்டு. எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்பதை நம் இஷ்டத்துக்கு அதில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மறுநாளிலிருந்து அவள் புரோகிராம் எழுதுவதை விட்டுவிட்டு அந்த ஃபைலையே எழுத ஆரம்பித்தாள்.

முதலில் நகர்த்துகிற எழுத்துகளை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். ஈ என்றால் மேலே, டீ என்றால் கீழே, இப்படி. ஆனால் ஒரு எழுத்துக்குப் புது வேலை கொடுத்தால் அதன் பழைய வேலைக்கு இடம் தேட வேண்டும். சட்டையில் தோளைப் பிடித்தால் கை மேலே ஏறும், கையை இறக்கினால் அக்குளில் பிடிக்கும், அந்தக் கதைதான். அதோடு டீ என்றால் வெட்டு என்று அவள் விரலுக்குப் பல வருடமாகத் தெரியும். கீழே போக நினைத்து டீ அழுத்துவாள், சரியாகப் போகும். வெட்ட நினைத்தும் டீ அழுத்துவாள், கீழே போய்விடும். இரண்டு வாரம் இப்படிப் போராடிவிட்டு, எழுதினதையெல்லாம் அழித்தாள்.

“விரலுக்குத் தெரிஞ்சத மாத்தக்கூடாதுப்பா. கைய மட்டும்தான் மாத்தணும்” என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா தெரியாது.

பிறகு அவள் செய்தது இதுதான். ஸ்பேஸ் பாரைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டால், இடது பக்கத்து எழுத்துகள் வலது பக்கத்து எழுத்துகளாக மாறிவிடும். கண்ணாடியில் தெரிவதுபோல. வலது கை ஆள்காட்டி விரலுக்கு ஜே என்றால், ஸ்பேஸைப் பிடித்துக்கொண்டு இடது கை ஆள்காட்டி விரல் எஃப்பைத் தட்டினாலே ஜே விழும். வலது கை நடுவிரல் செய்ததை இடது கை நடுவிரல் செய்யும். எடிட்டருக்குள் முடியாத இடத்தில் வெளியே ஒரு சின்ன புரோகிராம் வைத்துக்கொண்டாள். புரோகிராமில் நிறைய வருகிற அடைப்புக்குறிகளுக்கு மூன்று விரல்களைச் சேர்த்து முறுக்க வேண்டி வந்ததால், க்யூவை இரண்டு தடவை தட்டினால் திறக்கிறதும் மூடுகிறதும் ஜோடியாக வந்து விழுகிற மாதிரி எழுதினாள்.

ஒவ்வொரு எழுத்தாகச் செய்தாள். ஒரு எழுத்தை எழுதி, சேமித்து, அதை வைத்து ஒரு நாளோ இரண்டு நாளோ பழகிவிட்டு, அடுத்ததற்குப் போனாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் என்னிடம் என்னென்ன கேட்கிறாளோ, அதைப் பார்த்துத்தான் அடுத்து எதை மாற்றுவது என்று முடிவு செய்தாள்.

“யூ இனிமே வேண்டாம்பா. நான் பாத்துக்கறேன்.”

“சரிம்மா.”

“அழிக்கிறதும் வேண்டாம். இந்தப் பக்கம் கொண்டாந்துட்டேன்.”

“சரிம்மா.”

என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். வைகாசி முடிவில் எனக்கு ஐந்தாறு எழுத்துகள் மிச்சம் இருந்தன. ஆனி நடுவில் ஒன்றிரண்டுதான். கம்பெனியில் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அப்போதும் நான் எழுந்து போகவில்லை. விதி இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் போங்க என்று சொல்லவில்லை, நானும் ஸ்டூலை எடுக்கவில்லை.

வீடியோ காலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“இன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து உங்கள ஒரு எழுத்துக்கூட கேக்கலப்பா. கவனிச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“நாளைக்கு நீங்க ரூம்ல இருக்க வேண்டாம். கேமரா இருக்கும். நான் தனியாத்தான் செய்யணும்.”

“சரிம்மா. முடியுமா?”

“முடியும்.”

மறுநாள் காலை குளித்துவிட்டு, இடது கையாலேயே தலையைச் சீவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று குரல்கள் இங்கிலீஷில் பேசின. நலம் விசாரித்திருப்பார்கள். பிறகு அவை அடங்கி, கீ தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். எழுத்துகள் சடசடவென்று போகும். ஸ்பேஸைப் பிடிக்கிறபோது ஒரு கனமான தட்டு. மறுபடி சடசட. நன்றாகத்தான் போனது. ஒரு வரி முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. சத்தம் நின்றது.

என் வலது கை ஆள்காட்டி விரல் சமையல் மேடையை ஒரு தட்டுத் தட்டியது.

நான் அந்த விரலைப் பார்த்தேன். அவரைக்காய் நார் அதில் ஒட்டியிருந்தது. உள்ளே சத்தம் திரும்ப வரவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்டர். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு இறங்க வேண்டுமானால் என்டர் தட்ட வேண்டும். அது கீபோர்டின் வலது ஓரத்தில், என் கைக்குக் கீழே இருக்கிற கீ. அவள் அதை என்னிடம் கேட்டதே இல்லை. கேட்கிறதுக்கு முன்னால் நான் தட்டிக்கொண்டிருந்தேன். தைக்கிறவனுக்கு ஓரம் முடிந்தால் துணியைத் திருப்ப யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் வரியை முடிக்கிறது தெரிந்ததும் என் விரல் போய்த் தட்டிவிட்டு வந்துவிடும். எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியாது. கேட்ட எழுத்துகளை எல்லாம் அவள் இடது பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். கேட்காத ஒன்று என்னிடமே இருந்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம் முழுக்க ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை என்று சொன்னாளே, அந்த மத்தியானம் முழுக்க நான் வரிக்கு வரி தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

ஈரக் கையோடு கதவு வரைக்கும் போனேன். திறக்கவில்லை. உள்ளே ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது. பிறகு ஒரே ஒரு தட்டு, தூரத்தில், தப்பான விரலால் தட்டுகிற மாதிரி. இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்த் தட்டியிருக்கிறாள். அடுத்த வரி போனது, நின்றது. மறுபடி அந்தத் தட்டு. கையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்த இடத்தில் விரல் தவறியிருக்க வேண்டும், அழிக்கிற சத்தம் தொடர்ந்து வந்தது. இப்படி நாலைந்து வரி. பிறகு அவள் இங்கிலீஷில் நீளமாகப் பேசினாள். அதில் ‘ஃபாதர்’ என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. ஒரு பெண் குரல் ஏதோ கேட்க, ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். ஒரு வரி தட்டுகிற சத்தம் வந்து நின்றது, பிறகு கீச்சத்தம் திரும்ப ஆரம்பித்தது. இந்தத் தடவை வரி முடிகிற இடங்களில் நிற்கவில்லை.

முடிந்து வெளியே வந்தவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

“என்டர நீங்க தட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“ஆமாம்மா. இப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுச்சு.”

“ரெண்டு நிமிஷம் குடுங்கன்னு கேட்டு, அவங்க பாக்கப் பாக்கவே செட்டிங்ஸ திறந்து ஒரு வரி சேத்தேன். ஸ்பேஸும் கேப்ஸும் சேந்தா என்டர்னு. இவ்ளோ கீய மாத்தியிருக்கீங்க, இத எப்படி விட்டீங்கன்னு மேனேஜர் மேடம் கேட்டாங்க.”

“என்ன சொன்ன?”

“எங்கப்பா பக்கத்துல உக்காந்து தட்டிக் குடுத்தாருன்னு சொல்லிட்டேன்.”

“அத ஏம்மா சொன்ன?”

“வேற என்னத்தச் சொல்றது?” டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்பா புரோகிராமரான்னு கேட்டாங்க. டைலர்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் கேக்கல. மெயில் அனுப்புறோம்னு சொல்லிட்டாங்க.”

மெயில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அவள் விதியை மீறியதற்காக அனுப்பிவிடுவார்களா, கை ஓடுவதைப் பார்த்து வைத்துக்கொள்வார்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் தினமும் உட்கார்ந்து பழகினாள். நான் அந்த அறைக்குள் போகவில்லை. பயமாக இருந்ததா என்று கேட்டால், பயம் என்பதே எப்படி இருக்கும் என்று மறந்துபோன மாதிரி இருந்தது. அரிசி கழுவினேன், துணி காயப்போட்டேன், மாவு வாங்கிவந்தேன்.

ஆடி பிறந்த பிறகு மெயில் வந்தது. சமையலறைக்கு வந்து தமிழில் படித்துச் சொன்னாள். வேலை அவளுக்கு உண்டு. ஆனால் வேலை நேரத்தில் அந்த அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும், இதற்கு அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

“வேற யாரும்னா நீங்கதாம்பா” என்றாள்.

“தெரியுதும்மா. நல்லது.”

நல்லது என்றுதான் சொன்னேன். அவளுடைய வேலை நிலைத்துவிட்டது, அது நல்லதுதான். ஸ்டூலைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, அதன் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்தேன்.

திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது பாய் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பு, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் டிஸ்மிஸ் பண்ணிட்டானா?”

“ஆமா பாய். என்னைய மட்டும். பாப்பாவ வச்சுக்கிட்டாங்க.”

அவர் பெரிதாகச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, சந்து முனையைப் பார்த்து ரெண்டு டீ என்று கத்தினார். வாசலில் நின்றே டீயைக் குடித்தோம். யூனிஃபார்ம் சீசன் முடிந்துவிட்டிருந்தது. ஆடித் தள்ளுபடியில் வாங்கின ரவிக்கைத் துணிகள் கொஞ்சம் வந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். இரண்டு பேருக்கும் தட்டுப் போட்டேன். அத்தனை மாதமாக நாங்கள் சாப்பிட்டதும் அந்தத் திரைக்கு முன்னால்தான். அன்றைக்குத் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். விபத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராக அன்றைக்குத்தான் பார்த்தேன். புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு இருந்தது. நான் நினைத்திருந்ததைவிட நீளமாக இருந்தது.

அவள் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். “அப்பா, அன்னைக்கு நான் எப்படி வண்டி ஓட்டுனேன்னு நீங்க என்னைய ஒரு தடவகூடக் கேக்கலயே.”

ஒரு வாய் ரசச் சோற்றை எடுத்துப் போட்டேன். ரசம் இலேசாகப் புளித்தது. புளிக்கிறது என்பது தெரிந்தது.

“கேக்கட்டுமா?” என்றேன்.

தலையை ஆட்டினாள். கேட்டேன். வீட்டிலிருந்து கிளம்பினதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் அம்மா பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க மல்லிகை விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். அந்த வேன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொன்னாள். தட்டில் கை காய்ந்துபோகிற வரைக்கும் சொன்னாள்.  அவள் முடித்த பிறகு, பொரியலை எடுத்து, “வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?” என்று கேட்டேன். “வைங்க” என்றாள்.

தீபாவளித் துணி எல்லாம் தைத்துக் கொடுத்து முடிந்து, கடையில் வேலை இல்லாத ஒரு பகலில் இதை எழுதினேன்.

ஐப்பசி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை.